எண்ணூர்க் கரையில் தில்லியின் கையெழுத்து

(திருவொற்றியூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாக ஒரு சாலை செல்கிறது. வடக்கு நோக்கி நடப்பவர்க்கு வலக்கைப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்குவியல். இடக்கைப் பக்கம் குடியிருப்பும் ஆலைச் சுவர்களும். சரக்குப் பெட்டகம் ஏற்றிய பெருவண்டிகள் அங்கே மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பதைக் காணாதார் இப்பகுதியில் இரார். இந்திய ஒன்றியத்தை ஆண்ட தலைமையமைச்சர்கள் யார், யார் என்ன செய்தனர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் நூல்களிற் படிக்கின்றனர். திருவொற்றியூரார்க்கு அந்நூல்கள் வேண்டா. இச் சாலையில் ஒருமுறை நடந்தாற் போதும். நேருவின் காலம் ஒரு சுவரிலும், இந்திரா காந்தியின் காலம் ஒரு புகைபோக்கியிலும், நரசிம்மராவின் காலம் ஒரு பூட்டிய கதவிலும் எழுதப்பட்டுள்ளன. எழுதிய கை தில்லியினது. எழுதப்பட்ட ஓலை மட்டும் தமிழனுடைய மண்.

தொடங்கி வைத்தவன் வெள்ளையன் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பின்னர்ச் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டினர். கடலுக்குள் நீட்டிய அதன் கரங்கள் தெற்கிலிருந்து வடக்கே ஒழுகும் மணலை மறித்தன. தெற்கே மெரினாவில் மணல் மேடிட்டது; வடக்கே இராயபுரம் தொட்டுக் கரை அரிபட்டது. தெற்கே காற்று வாங்கும் கடற்கரை விரிய, வடக்கே பரதவர் குடியிருந்த நிலம் கடலுக்குள் சென்றது. யாரையும் கேட்டு இது நடக்கவில்லை. கேளாமல் முடிவெடுக்கும் அவ்வழக்கத்தைத்தான், ஆட்சி மாறிய பின்னும், ஆண்டோர் விடாது காத்து வந்தனர்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்பிரல் திங்களில், சப்பானியர் வந்திறங்குவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் பெருந்தொகையினராய் நகரைவிட்டு வெளியேறினர். 1945இல் போர் முடிந்தது. 1947இல் வெள்ளையன் போனான். துறைமுகமும் பட்டறைகளும் துறைமுகத் தொழிலில் தேர்ந்த உழைப்பாளரும் வடசென்னையில் இருந்தனர். அவற்றை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் போயிற்று?

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், ஏற்றுமதியாகும் பொதிக்கும் இறங்கும் பொதிக்கும் உல்கு வாங்கிப் புலிப்பொறி இட்டனர் சோழனுடைய அலுவலர். துறையும் சோழனுடையது, உல்கும் சோழனுடையது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பெருந்துறைமுகங்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. சுங்கவரி அதே பட்டியலில். கன்னெய்யும் அதிலேயே. 'தொழில்' என்பது மாநிலப் பட்டியலில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால், பொதுநலன் கருதித் தில்லி தன்வயப்படுத்தும் தொழில்கள் அதற்கு விலக்கு என்றொரு வாயில் வைத்துள்ளனர். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டம் அவ் வாயில் வழியே நுழைந்து, குறிப்பிடத்தக்க ஆலை ஒவ்வொன்றுக்கும் உரிமம் வழங்கும் அதிகாரத்தைத் தில்லிக்கு ஆக்கியது. எண்ணூரில் ஒரு பட்டறையை விரிவாக்க வேண்டுமாயினும் உரிமத்துக்குத் தில்லியில் காத்துக்கிடக்க வேண்டியிருந்த காலம் நாற்பதாண்டு நீடித்தது.

நேரு தொழில்வளத்தை வெறுத்தவர் அல்லர்; பேரார்வம் கொண்டவர். உந்துவண்டித் தொழிலில் இறங்குமாறு இரகுநந்தன் சரண் என்னும் பஞ்சாபியரை அவரே ஊக்கினார். அதன் விளைவாக 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்சு எண்ணூரில் அமைந்தது. ஆசுடின் மகிழுந்துகளை இணைத்துத் தந்த அந்நிறுவனம், பின் இலேலண்டுடன் கூடி, 1955இல் அசோக் இலேலண்டு என்று பெயர் மாறிச் சரக்குந்துகளும் பேருந்துகளும் செய்தது. அதே 1955இல் என்பீல்டு நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. படைக்கென வாங்கத் தொடங்கிய 'புல்லட்டு' வண்டி இவ்வூர்க் கைகளால் உருவாயிற்று. அவ்வாண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு என்னும் பேராயக் கட்சி, சமன்மை நோக்கிய குமுகாய அமைப்பே தன் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அத்தோபர் 2ஆம் நாள் பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டி ஆலையை நேரு திறந்து வைத்தார். வடசென்னைக்கு 1955 போன்றோர் ஆண்டு பின்னர் வாய்க்கவில்லை எனலாம்.

இலங்காசயரின் இலேலண்டும், இரெடிச்சின் என்பீல்டும் தாம் பிறந்த மண்ணில் நலிந்தன. இங்கிலாந்தில் என்பீல்டு வண்டி செய்வது 1970ஆம் ஆண்டோடு நின்றது. 1977இலோ, திருவொற்றியூர்ப் புல்லட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! தமிழ்த் தொழிலாளிக்குத் திறன் இல்லை என்பார் இதனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நேரு காலத்து முடிவுகள் எல்லாம் தெற்கை வஞ்சித்தன என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். 1950களில் கொணர்ந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பீகாரிலும் வங்கத்திலும் உருக்கும் எஃகு, எத்துணைத் தொலைவு சென்றாலும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்குமாறு செய்தது அது. சுரங்கமும் உலையும் வைத்திருந்த பீகாரும் வங்கமும் அதனால் இழந்தன; எஃகு இல்லாத சென்னையும் மும்பையும் ஊதியம் பெற்றன. எண்ணூரின் உந்துவண்டித் தொழில் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்னும் முழக்கத்தை வளர்த்த திராவிட முன்னேற்றக் கழகம், 1949 செப்டம்பரில் தன் தொடக்கக் கூட்டத்தை இதே இராயபுரத்து இராபின்சன் பூங்காவில் நடத்தியது. அம் முழக்கத்தில் பெரும்பகுதி உண்மை இருந்தது. ஆயினும் பீகார்த் தொழிலாளியும் தில்லியின் பேரேட்டில் இழப்புப் பக்கத்திலேயே எழுதப்பட்டான் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே கையாயின், கொடுத்ததை அக் கை எப்போது வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில் அச் சமன்பாட்டை அவ்வாறே கைவிட்டனர்.

இனி, காமராசர். 1954 ஏப்பிரல் முதல் 1963 அத்தோபர் வரை அவர் சென்னை மாநில முதலமைச்சர். அவருடைய தொழிலமைச்சர் ஆர். வேங்கடராமன். தில்லியில் டி.டி. கிருட்டிணமாச்சாரியும் சி. சுப்பிரமணியமும் அமைச்சர் பொறுப்புகளில் இருந்தனர். 1963இல் பதவி துறந்த காமராசர் பேராயக் கட்சியின் அனைந்திந்தியத் தலைவரானார். 1964 மே மாதம் நேரு மறைந்தபின் இலால்பகதூர் சாத்திரியையும், 1966 சனவரியில் சாத்திரி மறைந்தபின் இந்திரா காந்தியையும் தலைமையமைச்சர் இருக்கையில் அமர்த்தியதில் அவர் கையே ஓங்கியிருந்தது. தில்லி அரியணைக்கு ஆள் தேர்ந்த தமிழர் வரலாற்றில் அவர் ஒருவரே.

மணலி எழுந்தது அக் காலத்தில். 1965 திசம்பரில் சென்னை எண்ணெய்த் தூய்விப்பு நிறுவனம் பதிவாயிற்று. நூற்றுக்கு 74 பங்கு ஒன்றிய அரசினது. 13 அமெரிக்க 'அமோகோ' குழுமத்தினது. 13 ஈரானின் அரசு எண்ணெய் நிறுவனத்தினது. ஆண்டுக்கு 25 இலக்கம் தொன் தூய்விக்கும் அவ்வாலை 1969இல் இயங்கத் தொடங்கியது. அதனை ஒட்டியே 1966இல் சென்னை உர நிறுவனமும் தோன்றிற்று. தெகரானிலும் சிக்காகோவிலும் இருந்தோர்க்கு மணலியில் பங்கு இருந்தது. தமிழக அரசுக்கு அந் நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஓர் இடமும் இல்லை. காமராசர் ஓங்கியிருந்த காலத்திலேயே நிலை இது! தமிழகம் பெற்றவை நெருக்கத்தால் பெற்றவை. உரிமையால் பெற்றவை அல்ல. நெருக்கம் ஆளோடு போகும். உரிமை மண்ணோடு நிற்கும். காமராசர் காலத்துச் சாதனையைப் போற்றுவோர் பலர். அதன் அடியில் இருந்த இந்த வலுக்குறைவை எண்ணுவோர் சிலரே.

நெருக்கம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதற்கு ஓராண்டும் ஆகவில்லை. 1966 சூன் 6ஆம் நாள் இந்திரா காந்தி அரசு உருபாவின் மதிப்பைக் குறைத்தது. ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 4.76 உருபா என்றிருந்தது 7.50 ஆயிற்று. அவரை அமர்த்திய கட்சித் தலைவரையே கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு அது. காமராசர் உள்ளம் கசந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1965இல், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தபோது, பேராயக் கட்சி அரசின் துப்பாக்கிகளே தமிழ் மாணவர்மேல் திரும்பியிருந்தன, தில்லியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் மடல் கொடுத்த பிறகே சாத்திரி வானொலியில் உறுதிமொழி கூறினார். மொழியையும் வயிற்றையும் ஒருசேர உணர்ந்த மக்கள் 1967 தேர்தலில் விடை சொன்னார்கள். விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

இந்திரா காந்தியின் ஆட்சியில் வடசென்னை பெருத்தது. 1969 சூலை 19ஆம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீசு வங்கியும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டே பேராயக் கட்சி பிளந்தது, காமராசர் எதிரணியிலானார். பெரும்பான்மை இழந்த இந்திராவின் அரசைத் தாங்கியவற்றுள் தி.மு.க. உறுப்பினர் ஒப்போலையும் ஒன்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அது 450 மெகாவாட்டு வரை வளர்ந்தது. 1970களில் துறைமுகத்தில் பாரதி பெயர் தாங்கிய புதிய துறை வந்தது. அதன் வழி ஈரானியக் கன்னெய் இறங்கியது. கருநாடகத்துப் பெல்லாரிச் சுரங்கத்து இரும்புக்கனிமம் ஏறியது. எங்கே சென்றது? சப்பானுக்கு. 1942இல் எவன் குண்டுக்கு அஞ்சி இராயபுரத்தார் ஓடினரோ, அவனுடைய உலைகளுக்கு இரும்பு போயிற்று. போரில் தோற்ற அந் நாடு பிறர் மண்ணில் தோண்டிய கனிமத்தை வாங்கி எஃகாக்கி, எஃகை மகிழுந்தாக்கி உலகிற்கே விற்றது. வென்றோர் பக்கம் நின்ற நாடு கனிமத்தைத் தூளாகவே விற்றது. இராயபுரத்து வீடுகளில் செந்தூளும் கருந்தூளும் படிந்தது ஒன்றே இங்கே எஞ்சியது. சேலத்து இரும்பைச் சேலத்திலேயே உருக்க வேண்டும் என்று அண்ணா முதலமைச்சராய் இருந்து 1967இல் 'எழுச்சி நாள்' நடத்தியதன் பொருள் இதனோடு வைத்து எண்ணினால் விளங்கும்.

1974 முதல் 1976 வரை எசோ, பருமாசெல், கால்டெக்சு ஆகிய அயல் எண்ணெய் நிறுவனங்களையும் தில்லி தன்னுடைமை ஆக்கியது. அயலார் கொள்ளை ஒழிந்தது என்று மகிழ்ந்தோர் உண்டு; மகிழ்ந்ததில் தவறில்லை. ஆயினும் 'நாட்டுடைமை' என்னும் சொல்லில் 'நாடு' எது என்னும் வினா எழவே செய்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976 சனவரி 31ஆம் நாள், ஏழாண்டுக்கு முன் தம்மைத் தாங்கிய தி.மு.க.வின் ஆட்சியையே இந்திரா கலைத்தார். அவ்வாண்டே வெளிவந்த ஆட்சிமொழி விதிகள் மட்டும், தமிழகம் நீங்கலாக நாடெங்கும் செல்லும் என்று எழுதப்பட்டன. 1965இன் உயிர்ப்பலிகளுக்குத் தில்லி எழுத்தில் அளித்த விடை அவ்வொரு வரியில் உள்ளது. நெருக்கடி நிலையும் துணியாத ஒன்றைத் தமிழர் போராட்டம் தடுத்து நிறுத்தியது. பொருளியலில் அத்தகைய ஒரு வரியை எவரும் எழுதச் செய்யவில்லை. நீதியரசர் இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை அளித்தது. 1974இல் தமிழகச் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி இரண்டையும் கிடப்பிற் போட்டது.

மொரார்சியும் சரண்சிங்கும் வந்து போனார்கள். மீண்டும் வந்த இந்திரா 1983 திசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையத்தைத் திறந்தார். மூட்டை சுமந்த கைகள் குறையத் தொடங்கியது அப்போதுதான். துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஏறி இறங்கப் பல நூறு தோள்கள் வேண்டியிருந்தது போய், ஒரு பாரந்தூக்கியும் சிலரும் போதும் என்றாயிற்று. இராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் தந்தையின் துறைமுக வேலை மகனுக்குக் கிடைக்கும் என்றிருந்த நம்பிக்கை அத்தோடு தேய்ந்தது. இராசீவ் காந்தி கணிப்பொறியைப் பற்றிப் பேசினார். வடசென்னை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

1991 சூலையில் நரசிம்மராவ் தலைமையமைச்சர். மன்மோகன் சிங் நிதியமைச்சர். மாதத் தொடக்கத்தில் இருமுறை உருபாவின் மதிப்பைக் குறைத்தனர். 24ஆம் நாள் 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிம முறையை நீக்கினர். நாற்பதாண்டுக் காத்துக்கிடப்பு ஒரு பகலில் முடிந்தது. இது தமிழகத்துக்கு விடுதலையன்றோ என்று கேட்பார்க்கு, 'ஆம். பாதி விடுதலை' என்றே விடை கூற வேண்டும். ஏனெனில், உரிமம் நீங்கியதும் தமிழக அரசு தானே அயல் நிறுவனங்களை அழைக்க முடிந்தது. போர்டு வந்தது, 1996இல் ஊண்டாய் வந்தது. ஆனால் அவை மறைமலைநகர்ப் பக்கமும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கமும் சென்றன. புதுத் தொழில் தெற்கிலும் மேற்கிலும் தளிர்க்க, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த பெரம்பூர்ப் பின்னி ஆலை அதே 1996இல் மூடப்பட்டது. பிரிட்டனில் அட்லி நாட்டுடைமை ஆக்கியதைத் தாட்சர் விற்றார். தில்லியில் நேருவின் கட்சி கட்டியதை நேருவின் கட்சியே விற்கத் தொடங்கியது. வாங்கும்போதும் விற்கும்போதும் வடசென்னையை எவரும் கேட்கவில்லை.

புதியது ஒன்று வடக்கே வந்ததெனில், அது நிலக்கரிக்காக வந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்க எண்ணூரில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு ஒரு துறைமுகம் கட்டினர். 2001 பெப்ருவரி முதல் நாள் தலைமையமைச்சர் வாச்பாய் அதைத் திறந்து வைத்தார். ஒன்றியத்தின் பெருந்துறைமுகங்களுள் குழும முறையில் அமைந்த முதல் துறைமுகம் அது. தி.மு.க. அவருடைய கூட்டணியில் இருந்தது, மீண்டும் நெருக்கம்! அவ்வாண்டே சென்னைப் பெட்டக முனையம் பிரிட்டானிய நிறுவனம் ஒன்றின் கைக்குக் குத்தகையாகப் போயிற்று. 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை உயர்நீதிமன்றம் தடுத்தது. இராயபுரத்தார் மூச்சு விட்டனர். அக் கரி எண்ணூருக்குச் சென்றது. தூள் இடம் பெயர்ந்ததே ஒழிய, தமிழன் நுரையீரலை விட்டுப் போகவில்லை.

இங்கே தமிழக அரசுகளை விட்டுவிட்டுப் பேசுவது அறமாகாது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலைக் கொட்டி இறாலும் நண்டும் வளர்ந்த சேற்றைப் பாழாக்கியவை தமிழக மின்வாரியத்தின் நிலையங்களே. கொசத்தலையாறு தமிழ் பேசும் அதிகாரிகள் கண்முன் தூர்ந்தது. 2017 மார்ச்சில் எண்ணூர்ப் பழைய அனல்மின் நிலையம் மூடப்பட்டது, சாம்பல் போகவில்லை. அவ்வாண்டு சனவரியில் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுதும் படிந்தபோது, வாளிகளைக் கொண்டு அள்ளியவர்களுள் இவ்வூர் மீனவரும் இளைஞரும் இருந்தனர். 2023 திசம்பர்ப் புயல்வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது. தாழங்குப்பத்தாரும் நெட்டுக்குப்பத்தாரும் கறுத்த வலையும் கறுத்த படகுமாக நின்றனர். அக் கரையின் ஆலை உரிமம் யாருடையது, தூய்மைக் காப்பு யாருடையது, இழப்பீடு யாருடையது என்று இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதற்கு ஏழாம் பட்டியல் நல்ல மறைவிடமாய் இருக்கிறது.

மோடி ஆட்சியில் திட்டக்குழு கலைந்தது. 2015 தொடக்கம் முதல் நிதி ஆயோக்கு என்னும் அமைப்பு வந்தது. வேறு பெயர், அதே ஊர். 2018இல் எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்த காட்டுப்பள்ளித் தனியார் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 2021இல் பெருந்துறைமுகங்களுக்குப் புதுச் சட்டம் இயற்றினர். அதன்படி ஒவ்வொரு துறைமுக வாரியத்திலும் அம் மாநில அரசுக்கு ஓர் இருக்கை உண்டு. தொடர்வண்டித் துறைக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, படைத்துறைக்கு ஒன்று. அவற்றோடு ஒன்றாகத் தமிழ்நாட்டுக்கும் ஒன்று!

எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014 பெப்ருவரியில் காமராசர் துறைமுகம் என்று பெயர் சூட்டினர். அதன் பங்குகளில் மூன்றில் இரண்டு ஒன்றிய அரசிடமும், எஞ்சியது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திடமும் இருந்தன. 2020 மார்ச்சில் தன் பங்கு முழுவதையும் ஒன்றிய அரசு அதே சென்னைத் துறைமுகத்துக்கு 2,383 கோடி உருபாவுக்கு விற்றது. வாங்கியதும் தில்லிக்கு உட்பட்ட நிறுவனம், விற்றதும் தில்லி. இராயபுரத்துக் கரையில் கப்பலுக்குக் கப்பல் ஈட்டிய பணம், எண்ணூர்க் கரையில் உப்பளமும் கழியும் இருந்த இடத்தின் விலையாகத் தில்லிக் கருவூலத்துக்குச் சென்றது. காமராசர் பெயர் துறைமுகத்தில் இருக்கிறது.